சுற்றுச்சூழலுக்கு இசைவான ஆடையை யார் வாங்குகிறார்கள், எதற்காக வாங்குகிறார்கள்?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். ஆர்கானிக் பருத்தியிலும் மறுசுழற்சி நூலிலும் ஆடை தயாரிக்கும் சிறு நிறுவனம் ஒன்றைத் தொடங்கியிருக்கிறீர்கள். அதற்கு முன் எடுத்த கருத்துக்கணிப்பில் பெரும்பாலோர், "சுற்றுச்சூழலைக் கெடுக்காத ஆடை என்றால் கட்டாயம் வாங்குவோம்" என்றார்கள். விற்பனை தொடங்கியபின் அவர்களைக் காணவில்லை. வந்து வாங்கியவர்களோ நீங்கள் மனத்தில் வைத்திருந்த ஆட்களாக இல்லை. மக்கள் பொய் சொன்னார்களா, இல்லை நாம்தான் தவறான ஆட்களிடம் கேட்டுவிட்டோமா என்கிறீர்கள்.

இரண்டும் இல்லை என்பதே என் பதில். "பசுமை நுகர்வோர்" என்று ஒரு தனி இனம் இருப்பதாக நினைத்து அதைத் தேடினீர்கள். ஆடை விற்பனையில் அப்படி ஓர் இனத்தை நான் கண்டதில்லை. பிறந்த குழந்தைக்குத் துணி எடுக்கும்போது சாயம் என்ன, பருத்தி எங்கிருந்து வந்தது என்று துருவித் துருவிக் கேட்கும் ஒரு தாய், அடுத்த வாரமே தனக்கு மலிவான பாலியஸ்டர் மேற்சட்டையை ஒரு நிமிட யோசனைகூட இல்லாமல் எடுத்துவிடுகிறார். அவர் மாறிவிடவில்லை, வாங்கும் சந்தர்ப்பம் மாறியிருக்கிறது. ஆகவே ஆட்களை வகைப்படுத்துவதைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, எந்த ஆடை, எந்தத் தேவை, அந்த நேரத்தில் மனத்தில் எழும் சந்தேகம் என்ன என்று பாருங்கள். நான் கீழே எழுதுவது முழுவதும் இதைப் பற்றித்தான்.

முதலில் கருத்துக்கணிப்பு. சுற்றுச்சூழல் பற்றிக் கேட்டால் யாரும் நல்ல பதிலைத்தான் சொல்வார்கள். நல்லவராகத் தெரிய வேண்டும் என்ற ஆசை அதில் கொஞ்சம் கலந்திருந்தாலும், விருப்பம் உண்மையானதே. ஆனால் நீங்கள் கேட்ட கேள்வியில் விலை இல்லை, அளவு இல்லை, அவசரம் இல்லை, பக்கத்தில் தொங்கும் இன்னொரு சட்டையும் இல்லை. கடையில் இவை எல்லாம் இருக்கின்றன. 2019இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ இதழில் கேத்தரின் வொயிட்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரை ஒன்று, இந்த இடைவெளியை ஒரு கணிப்பின் எண்களால் காட்டியது: சூழல் பேணுவது போன்ற நோக்கமுள்ள பிராண்டுகளையே வாங்க விரும்புவதாகச் சொன்னவர்கள் 65 சதவீதம், உண்மையில் அப்படி வாங்குபவர்கள் சுமார் 26 சதவீதம்.

இந்த இடைவெளி எப்படி உண்டாகிறது? சமூக உளவியலாளர் ஐசெக் அய்சென் 1991இல் விரிவாக முன்வைத்த "திட்டமிட்ட நடத்தைக் கோட்பாடு" இத்துறையில் இன்றும் அதிகம் கையாளப்படும் கருவி. ஒருவர் ஒன்றைச் செய்ய எண்ணுவதற்கு மூன்று காரணங்களை அது சொல்கிறது: அதைப் பற்றி அவருக்குள்ள மனப்பான்மை, தமக்கு முக்கியமானவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற உணர்வு, தம்மால் அதைச் செய்ய முடியும் என்ற நம்பிக்கை. ஆய்வு மாணவர்கள் முதல் இரண்டையும் ஆர்வத்துடன் அளக்கிறார்கள். ஆடை விஷயத்தில் உடைந்து விழுவது பெரும்பாலும் மூன்றாவது. தன் அளவில் கிடைக்குமா, எந்த முத்திரையை நம்புவது, திருப்பிக் கொடுக்க முடியுமா, தேடிக் கண்டுபிடிக்க நேரம் இருக்கிறதா? இவற்றில் ஒன்றுக்கு விடை இல்லாவிட்டாலும் நல்ல எண்ணம் அங்கேயே நின்றுவிடுகிறது. உங்கள் கணிப்பில் "வாங்குவோம்" என்றவர்களில் எத்தனை பேருக்கு நீங்கள் தைக்கும் அளவுகள் பொருந்தும் என்று பார்த்தீர்களா? இது அற்பமான கேள்வி அல்ல. சிறு நிறுவனங்களின் சூழல் இசைவான ஆடைகள் பலவும் பெரிய உடல்வாகு உள்ளவர்களின் அளவில் கிடைப்பதே இல்லை. அவர்களை அக்கறையற்றவர்கள் என்று கணக்கில் எழுதுவது அநியாயம்.

அடுத்தது, ஆடைக்கே உரிய ஒரு சிக்கல். ஆர்கானிக் காய்கறி வாங்குபவர் அதன் நன்மை தம் உடலுக்கும் தம் வீட்டாருக்கும் வரும் என்று நம்பி வாங்குகிறார். மண்ணுக்கும் நல்லது என்பது கூடுதல் மகிழ்ச்சி. ஆடையில் நன்மை எங்கோ தொலைவில் இருக்கிறது: முகம் தெரியாத ஒரு பருத்தி விவசாயியின் நிலத்தில், பெயர் தெரியாத ஓர் ஆற்றின் தண்ணீரில். விலை கொடுப்பவர் ஒருவர், பலன் பெறுபவர் மற்றொருவர். இந்தத் தொலைவு குறையும் இடங்களில்தான் விற்பனை தானாக நடக்கிறது. குழந்தை ஆடை, உள்ளாடை, படுக்கை விரிப்பு, தோல் ஒவ்வாமை உள்ளவர்களின் ஆடை ஆகியவை இந்தத் துறையின் இயல்பான நுழைவாயில்கள். தோலோடு ஒட்டுவதால் அங்கே சூழல் அக்கறையும் உடல் அக்கறையும் ஒன்றாகிவிடுகின்றன.

இங்கே ஓர் எச்சரிக்கை. தோலுக்கு நல்லது என்று நினைத்து ஆர்கானிக் பருத்தியை வாங்குபவர் இரண்டு தனித்தனி விஷயங்களைக் கலக்கிறார். வயலில் தெளித்த பூச்சிக்கொல்லியின் பெரும்பகுதி, துணியை வெளுத்துக் கழுவிப் பதப்படுத்தும் கட்டங்களில் போய்விடுகிறது. தோலைத் தொல்லை செய்வது பெரும்பாலும் சாயமும், சுருங்காமல் இருக்கப் பூசும் வேதிப்பொருள்களும்தான். 1992இல் தொடங்கிய ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்டு 100 சான்று, முடிந்த துணியில் தீங்கான பொருள்கள் உள்ளனவா என்று சோதிக்கிறது. மூன்று வயது வரையான குழந்தைகளின் ஆடைக்கு மிகக் கடுமையான வரம்புகளை வைத்திருக்கிறது. ஆனால் அந்தப் பருத்தி எப்படி விளைந்தது என்பதை அது சொல்வதில்லை. காட்ஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் உலக ஆர்கானிக் ஜவுளித் தரச்சான்று, இழையிலிருந்து தையல் வரை முழுச் சங்கிலியையும் பார்க்கிறது. "ஆர்கானிக்" என்று எழுத வேண்டுமானால் குறைந்தது 95 சதவீதமும், "ஆர்கானிக் இழை கலந்தது" என்று எழுத 70 சதவீதமும் சான்று பெற்ற இழை இருக்க வேண்டும் என்கிறது. வாங்குபவரில் மிகச் சிலருக்கே இந்த வேறுபாடு தெரியும். அவருடைய குழப்பத்தால் உங்களுக்கு இலாபம் வரலாம். தயவுசெய்து அப்படி இலாபம் பார்க்காதீர்கள். எந்தச் சான்று எதை உறுதி செய்கிறது என்று விற்கும் இடத்திலேயே ஒரு வரியில் எழுதி வையுங்கள்.

இனி, பலரும் கவனிக்காமல் கடந்து போகும் விஷயம். "சூழலுக்கு நல்லது" என்ற முத்திரை சில பொருள்களின் விற்பனையைக் குறைக்கவும் செய்யும். மைக்கேல் லக்ஸும் மற்ற ஆய்வாளர்களும் 2010இல் ஜர்னல் ஆஃப் மார்க்கெட்டிங் இதழில் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. மென்மை வேண்டிய பொருளில், உதாரணமாகக் குழந்தை ஷாம்புவில், சூழல் நேயம் மதிப்பைக் கூட்டுகிறது. வலிமை வேண்டிய பொருளில், உதாரணமாகக் கார் டயரில், அது மதிப்பைக் குறைக்கக்கூடும். நல்ல மனம் உள்ள பொருள் பலவீனமாக இருக்கும் என்று மனம் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறது. இதை ஆடைக்குக் கொண்டுவந்து பாருங்கள். குழந்தையின் உள்சட்டைக்கு "இயற்கை" என்ற சொல் துணை செய்யும். உழைப்பாளியின் காற்சட்டைக்கும் மலையேறுபவரின் மழைக்கோட்டுக்கும் ஓட்டக்காரரின் பனியனுக்கும் அதே சொல் ஐயத்தைக் கிளப்பும்: "கிழியாதா? நனையாதா? வியர்வையைத் தாங்குமா?" அங்கே முதல் வரியில் தையலின் உறுதியைச் சொல்லுங்கள், இழை எங்கிருந்து வந்தது என்பது மூன்றாவது வரியில் வரட்டும். உங்கள் பட்டியலில் எல்லா ஆடைகளுக்கும் ஒரே வாசகத்தை ஒட்டியிருந்தீர்கள். என்னைக் கேட்டால், உங்கள் விற்பனையில் விழுந்த ஓட்டைகளில் இதுவே பெரியது.

எந்தச் சந்தர்ப்பத்திலும் மாறாத ஒன்று உண்டு. ஆடை முதலில் ஆடையாக இருக்க வேண்டும். உடலில் சரியாக உட்காராத சட்டையை ஆறுகளின் பொருட்டு யாரும் அணிய மாட்டார்கள், அணியவும் தேவையில்லை. வாங்கிப் பெட்டிக்குள் கிடக்கும் ஆர்கானிக் ஆடையால் மண்ணுக்கு ஒரு நன்மையும் இல்லை, அதை விளைவிக்கச் செலவான தண்ணீர்தான் வீண். பொருத்தம், நிறம், தொட்டால் கிடைக்கும் உணர்வு, இந்த மூன்றிலும் சமமாக நிற்கும் இரண்டு ஆடைகளுக்கு நடுவில்தான் சூழல் அக்கறை தராசைச் சாய்க்கும். வெளிறிய பழுப்பிலும் சாம்பலிலும் மட்டுமே ஆடை செய்து அதைச் சூழல் நேயத்தின் நிறம் என்று அறிவித்துக்கொள்ளும் நிறுவனங்கள், அந்த நிறங்கள் பிடிக்காத அத்தனை பேரையும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகின்றன.

அடையாளம் என்பது தனிப் பேச்சு. ஃபின்லாந்து ஆய்வாளர் கிர்சி நீனிமாக்கி 2010இல் சூழல் ஆடையையும் அடையாளத்தையும் இணைத்து எழுதினார். ஆடை என்பது நாம் யார் என்று வெளியே சொல்வது. ஆகவே சூழல் பற்றிய உறுதி எவ்வளவு ஆழமாக இருந்தாலும், அழகுணர்ச்சியோடும் தன் தோற்றத்தோடும் ஒத்துப்போகும்போதுதான் அது வாங்குவதாக மாறுகிறது. அதே ஆண்டில் விளாதாஸ் கிரிஸ்கேவிசியஸும் சகாக்களும் செய்த சோதனைகள் இன்னொரு பக்கத்தைக் காட்டின. சமூகத்தில் தங்களுக்குள்ள மதிப்பைப் பற்றிய நினைப்பு தூண்டப்பட்டவர்கள், பிறர் பார்க்க வாங்கும்போது பசுமைப் பொருளை நாடினார்கள். தனியாக வாங்கும்போது அந்த நாட்டம் எழவில்லை. பசுமைப் பொருளின் விலை அதிகமாக இருந்தபோது ஈர்ப்பு கூடியது, குறைவாக இருந்தபோது குறைந்தது. இதை வைத்து வாங்குபவர்களைப் போலிகள் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. நல்ல செயலுக்கு மதிப்புக் கிடைக்கும் சமூகம் நல்ல சமூகமே. நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது, வெளியே தெரியும் மேலாடைக்கும் வெளியே தெரியாத உள்ளாடைக்கும் வாங்கும் காரணம் வெவ்வேறு என்பதை. முதலாவதற்கு அடக்கமான ஓர் அடையாளக்குறி உதவும். இரண்டாவதற்குத் தோலின் சுகம் மட்டும் போதும்.

ஆண்கள் ஏன் குறைவாக வந்தார்கள் என்றும் கேட்டிருந்தீர்கள். ஆரன் பிரௌவும் மற்றவர்களும் 2016இல் ஜர்னல் ஆஃப் கன்ஸ்யூமர் ரிசர்ச் இதழில் எழுதிய ஆய்வின்படி, சூழல் நேயத்தைப் பெண்மையோடு சேர்த்துப் பார்க்கும் பழக்கம் ஆண், பெண் இருபாலரிடமும் இருக்கிறது. அதனால் சில ஆண்கள் விலகி நிற்கிறார்கள். இலையும் பூவும் வரைந்த அட்டையை மாற்றிப் பாருங்கள்.

இப்போது சந்தேகம். நான் மிகவும் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். ஏனென்றால் இது நேர்மையானவர்களையும் சேர்த்து அடிக்கிறது. மூங்கிலில் செய்த துணி என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி, மூங்கில் கூழை வேதிப்பொருள்களில் கரைத்து இழுத்த ரேயான்தான். அதை "மூங்கில்" என்றும் சூழலுக்கு நல்லது என்றும் விளம்பரம் செய்ததற்காக அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2022 ஏப்ரலில் வால்மார்ட், கோல்ஸ் ஆகிய இரு நிறுவனங்கள்மீது எடுத்த நடவடிக்கையில் அபராதம் மொத்தம் 55 லட்சம் டாலர். அதே ஆண்டு ஜூனில் நார்வேயின் நுகர்வோர் ஆணையம், துணி வகைகளின் சூழல் பாதிப்பை ஒப்பிடும் ஹிக் குறியீட்டின் சராசரித் தரவை வைத்துக் குறிப்பிட்ட ஓர் ஆடை சூழலுக்கு நல்லது என்று சொல்வது மக்களைத் தவறாக வழிநடத்துவதாகும் என்று முடிவு செய்தது. செப்டம்பரில் நெதர்லாந்தின் கண்காணிப்பு அமைப்பிடம் எச் அண்ட் எம், டெகாத்லான் ஆகிய இரு விற்பனை நிறுவனங்களும் தெளிவற்ற சூழல் வாசகங்களைத் திருத்துவதாகவோ விலக்குவதாகவோ உறுதியளித்தன. சூழல் பணிகளுக்கு முறையே 5 லட்சம் யூரோவும் 4 லட்சம் யூரோவும் கொடுக்க ஒப்புக்கொண்டன.

இத்தகைய செய்திகளை ஊன்றிப் படிப்பவர் யார்? அக்கறை உள்ளவர்தான். அதனால் விந்தையான ஒரு நிலைமை உருவாகியிருக்கிறது: சூழல் ஆடையை வாங்க அதிகத் தகுதி உள்ளவரே அதை அதிகம் சந்தேகிக்கிறார். மறுசுழற்சி பாலியஸ்டர் என்றால், "அது பழைய ஆடையிலிருந்து வந்ததா, தண்ணீர் பாட்டிலிலிருந்து வந்ததா?" என்று கேட்பார். பெரும்பாலும் பாட்டிலிலிருந்துதான் வருகிறது. துவைக்கும்போது நுண்பிளாஸ்டிக் உதிருமா என்பார், உதிரும். கடலில் சேரும் முதல்நிலை நுண்பிளாஸ்டிக்கில், அதாவது நுண்துகளாகவே போய்ச் சேரும் பிளாஸ்டிக்கில், சுமார் 35 சதவீதம் செயற்கை இழை ஆடைகளைத் துவைப்பதால் வருகிறது என்று இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் 2017இல் மதிப்பிட்டது. இந்த மனிதரிடம் "பூமியைக் காப்போம்" என்ற வாசகம் எடுபடாது. "இந்தத் துணியில் இழை சான்று பெற்றது, சாயம் இன்ன ஆலையில் ஏற்றப்பட்டது, பொத்தான் இன்னும் சாதாரணப் பிளாஸ்டிக்தான்" என்று சொன்னால் நம்புவார். குறையையும் சேர்த்துச் சொல்பவரின் நிறையை அவர் ஏற்றுக்கொள்கிறார். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2026 செப்டம்பர் 27 முதல் நடைமுறைக்கு வர வேண்டிய 2024/825 எண் நெறிமுறை, நிரூபிக்க முடியாத பொதுவான சூழல் வாசகங்களைத் தடை செய்கிறது. சட்டம் வரும்வரை காத்திருக்காமல் இன்றே அந்த வழக்கத்துக்குப் போய்விடுங்கள்.

சூழலையும் தொழிலாளர் நலனையும் மக்கள் பிரித்துப் பார்ப்பதில்லை என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தின் சவாரில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆடை எங்கே, யாரால் தைக்கப்படுகிறது என்ற கேள்வி அதற்குப் பிறகு பலருக்கு மனத்தில் நிலைத்துவிட்டது. "ஆர்கானிக்" என்று பார்க்கும்போது, தைத்தவருக்கும் நியாயமான கூலி கிடைத்திருக்கும் என்று அவர்கள் கருதிக்கொள்கிறார்கள். உங்கள் தையற்கூடத்தில் அது உண்மையானால் சொல்லுங்கள். உண்மை இல்லையானால், அந்த நம்பிக்கைக்குத் தகுதி பெறும் வேலைதான் விளம்பரத்துக்கு முன்னால் செய்ய வேண்டியது.

விலையைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். "எவ்வளவு கூடுதலாகக் கொடுப்பீர்கள்?" என்று கேட்டு வாங்கிய எண்களை நம்பாதீர்கள். ஒரு முறை அணிவதற்கு என்ன செலவாகிறது என்று வகுத்துப் பார்த்தால் நீடித்து உழைக்கும் ஆடை மலிவுதான். ஆனால் கடையில் யாரும் வகுத்துப் பார்ப்பதில்லை. கையில் இருக்கும் பணத்தைத்தான் பார்க்கிறார்கள். நீடிக்கும் என்பதைக் கண்ணால் காணக் கூடியதாக்குங்கள்: இரட்டைத் தையல், உள்ளே விட்டுவைத்த கூடுதல் துணி, உடன் தரும் மாற்றுப் பொத்தான், பழுது பார்த்துத் தருவோம் என்ற எழுத்து உறுதி.

இனிமேல் சொல்வது உங்கள் விற்பனைக்கு உவப்பாக இல்லாமல் போகலாம். சூழலுக்கு உண்மையில் அதிக நன்மை செய்யும் நுகர்வோர் உங்கள் கணக்கில் வரவே மாட்டார்கள். உள்ள ஆடையைத் தைத்துத் தைத்து உடுத்துபவர், அண்ணனின் சட்டையைத் தம்பிக்குக் கொடுப்பவர், பழைய ஆடைச் சந்தையில் வாங்குபவர் ஆகியோர் எந்தக் கணிப்பிலும் "பசுமை நுகர்வோர்" என்ற கட்டத்துக்குள் விழுவதில்லை. எல்லன் மெக்ஆர்தர் அறக்கட்டளையின் 2017 அறிக்கையின்படி, 2000க்கும் 2015க்கும் இடையில் உலக ஆடை உற்பத்தி ஏறத்தாழ இரட்டித்தது. ஓர் ஆடையைத் தூக்கிப்போடுவதற்கு முன் அணியும் தடவைகள் 36 சதவீதம் குறைந்தன. ஆடைக்குப் பயன்பட்ட பொருளில் மீண்டும் புதிய ஆடையாவது 1 சதவீதத்துக்கும் குறைவு. இந்த எண்களுக்கு முன்னால், இழையை மாற்றுவது அவசியமான வேலை, ஆனால் பாதி வேலைதான். படகோனியா என்ற அமெரிக்க ஆடை நிறுவனம் 2011 நவம்பரில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில், தன் மேற்சட்டையின் படத்தைப் போட்டு இதை வாங்காதீர்கள் என்று முழுப்பக்க விளம்பரம் கொடுத்தது. அதை விற்பனைத் தந்திரம் என்பவர்கள் உண்டு. ஆனால் 1996இலேயே பருத்தி ஆடைகள் அனைத்தையும் ஆர்கானிக்குக்கு மாற்றி, பழைய ஆடைகளைப் பழுது பார்க்கவும் செய்யும் நிறுவனம் அது என்பதால் அந்தச் சொல்லுக்கு எடை இருந்தது.

பழைய ஆடையைக் கொண்டுவந்து போட்டால் புதியதற்குத் தள்ளுபடி தரும் திட்டத்தை நீங்கள் யோசிப்பதாக எழுதியிருந்தீர்கள். தயங்குங்கள். ஜெசி கேட்லினும் யிடோங் வாங்கும் 2013இல் வெளியிட்ட சோதனையில், அருகில் மறுசுழற்சித் தொட்டி இருந்தபோது மக்கள் அதிகக் காகிதத்தைச் செலவழித்தார்கள். "வீணாகாது" என்ற நிம்மதி கையைத் தாராளமாக்குகிறது. தள்ளுபடிச் சீட்டும் சேர்ந்தால் நீங்கள் வளர்ப்பது இன்னொரு வாங்குதலைத்தான். அந்தப் பணத்தில் ஒரு பழுதுபார்ப்பு மேசை போடுங்கள். பழுது பார்க்க வருபவர்களின் பேச்சிலிருந்து எந்தக் கணிப்பும் தராத விவரங்கள் கிடைக்கும்.

அடுத்த ஆய்வை எப்படிச் செய்வது என்பது மட்டும் பாக்கி. நார்வேயில் இங்குன் கிரிம்ஸ்டாட் க்ளெப் போன்ற ஆய்வாளர்கள் வளர்த்தெடுத்த அலமாரி ஆய்வு முறையைப் பின்பற்றுங்கள். எண்ணிக்கை பெரிதாக இருக்க வேண்டியதில்லை. சம்மதிப்பவர்களின் வீட்டுக்குப் போய் அலமாரியைத் திறக்கச் சொல்லுங்கள். சூழல் என்ற சொல்லை நீங்கள் முதலில் எடுக்காதீர்கள். அதிகம் அணியும் ஆடை எது, வாங்கியும் அணியாதது எது, கடைசியாகத் தூக்கிப்போட்டது எது, ஏன்? சாயம் போனதாலா, நூல் உருண்டை கட்டியதாலா, உடல் மாறியதாலா, வெறும் சலிப்பாலா? கடைசியாக வாங்கிய ஆடையைக் கையில் எடுக்கச் சொல்லி, அன்று வேறு எதை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார் என்று கேளுங்கள். "வாங்குவீர்களா?" என்று எதிர்காலத்தைக் கேட்க வேண்டாம், நடந்ததை மட்டும் கேளுங்கள். அவர் தாமாகச் சூழலைப் பற்றிப் பேசினால், எந்த ஆடையைக் கையில் வைத்திருந்தபோது பேசினார் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் குறிப்பு உங்களுக்கு எந்த ஆடையில் முதலில் பணத்தைப் போட வேண்டும் என்று காட்டும். நீங்கள் சொன்ன விவரங்களை வைத்து இப்போதைக்கு என் பரிந்துரை: மேலாடை வரிசையைப் பாதியாகக் குறையுங்கள், குழந்தைகளின் உள்சட்டையிலும் பெரியவர்களின் உள்ளாடையிலும் அளவுகளை அதிகமாக்குங்கள், உழைப்புக்கான காற்சட்டையை வைத்துக்கொள்ளுங்கள், அதன் அட்டையில் தையலைப் பற்றி மட்டும் எழுதுங்கள். ஒரு பருவம் இப்படி விற்றுப் பார்த்துவிட்டு எழுதுங்கள், வந்தவர்கள் யார் என்பதிலிருந்து பேச்சைத் தொடரலாம்.